மூன்று நிமிடச் சிறையும் நெடுநேர இசைத்தட்டும்

இசைத்தட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கருவியின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். 1877இல் எடிசன் மனிதக் குரலைப் பிடித்து வைத்ததும், 1887இல் எமில் பெர்லினர் தட்டையான வட்டில் ஒலியைப் பதிக்கும் முறையைக் கண்டதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். ஆனால் அந்த வட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை நிமிட இசை அடங்கும் என்ற எளிய கேள்வியை எழுப்பியவர் சிலரே. அரை நூற்றாண்டுக் காலம் ஒரு பெருங்கலையின் போக்கை வரையறுத்தது அந்தக் கேள்விதான் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும்.

இது வெறும் பழங்கதையன்று. அன்றாட அலுவல் ஓய்ந்தபின் வீட்டார் ஓரிடத்தில் அமர்ந்து, பரபரப்பின்றி ஓர் இசைத்தட்டைக் கேட்க விரும்பினால் எதைத் தேர்ந்தெடுப்பது? கடைக்காரர் சொல்லும் விடை வேறு, விளம்பரம் சொல்லும் விடை வேறு. இந்தக் கேள்விக்கு வரலாறு தரும் விடையே நம்பத்தக்கது. அந்த வரலாற்றில் முன்னணியில் நிற்பவர்களுள் பலர் முஸ்லிம் இசைவாணர்கள் என்பதால், அதனை நாம் அறிந்திருப்பது கூடுதல் கடமையாகிறது.

அரக்குத் தட்டின் காலம்

1902ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தார். அவர் பதிவு செய்த பாடகர்களுள் தலையாயவர் கௌஹர் ஜான். 1873இல் ஆஸம்கரில் ஆர்மீனிய மரபில் பிறந்து, இளமையிலேயே தாயாருடன் இஸ்லாத்தைத் தழுவிய அந்த அம்மையார், பாட்டு முடியும் இடத்தில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பது வழக்கம். அது பெருமைக்காகச் சொல்லப்பட்டது என்று எண்ணுவோர் உண்டு. உண்மைக் காரணம் வேறு. பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்று அங்கேதான் தட்டுகளாக வார்க்கப்பட்டன. பாடியவர் யார் என்பதை அங்குள்ள தொழிலாளர் அறிந்து சரியான பெயர்ச்சீட்டை ஒட்ட வேண்டும். அதற்கு அந்தக் குரலே சான்றாயிற்று. பின்னர் 1908இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியிலேயே தொழிற்சாலை எழுந்தது. 1928இல் அது டம்டமுக்கு மாறிற்று. கௌஹர் ஜான் தம் இறுதி நாட்களில் மைசூர் அரண்மனையை அண்டி, 1930இல் அந்நகரிலேயே காலமானார்.

அந்தத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் இலந்தையிலும் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. அதனோடு கல்பொடியும் கரியும் கலந்து வார்த்தனர். உலகெங்கும் எந்த மொழியில் எவர் பாடிய தட்டாயினும், அதில் நம் நாட்டுக் காட்டின் பிசின் கலந்திருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு! கல்பொடி கலந்ததால் தட்டு உரமுடையதாயிற்று. எஃகு ஊசி அதன்மேல் ஓடித் தேய்ந்தது. ஆகவே ஒவ்வொரு பக்கத்திற்கும் புதிய ஊசி மாட்ட வேண்டியிருந்தது. கை தவறி விழுந்தால் தட்டு உடைந்தது.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகளே. பொறுக்கவியலாத குறை ஒன்று உண்டு. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமும் சில நொடிகளுமே இசை அடங்கும். பன்னிரண்டு அங்குலத் தட்டாயின் நான்கு நிமிடத்திற்குச் சற்று மேல். அதற்கு மேல் ஒரு மூச்சுக்கும் இடமில்லை.

மூன்று நிமிடத்தில் முடியும் பாட்டுகள் உலகில் ஏராளம். ஆனால் வடநாட்டுக் கயால் இசை அத்தகையதன்று. ‘விளம்பித்’ எனப்படும் மெதுநடையில் இராகத்தை ஒவ்வொரு சுரமாக, வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறப்பதுபோல் விரித்துச் செல்வதே அதன் உயிர். மெதுநடைக்குரிய தாளங்களுள் ஒன்று ஜூம்ரா. பதினான்கு மாத்திரை கொண்டது. மிக மெதுவாகப் பாடுவோர் கையில் ஒரு மாத்திரை நான்கு நொடியளவு நீளும். அப்படியானால் தாளம் ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். மூன்று நிமிடத் தட்டில் மூன்று சுற்று! பாடகர் முதல் சுரத்தை நிலைநிறுத்தி முடிப்பதற்குள் ஊசி தட்டின் நடுவைத் தொட்டுவிடும்.

இதனால் நேர்ந்ததென்ன? தட்டுக்குப் பாடவந்த இசைவாணர்கள் மெதுநடையை ஒதுக்கி, விரைநடைப் பகுதியையும் தும்ரி போன்ற சிறு உருப்படிகளையும் பாடினர். மெதுநடையைப் பாடியவர்களும் அதைச் சுருக்கி, விரைவுபடுத்திப் பாடினர். நேரில் கேட்கும் பேறு பெறாத மக்கள் தட்டில் கேட்டதையே அந்தக் கலையின் முழு உருவம் என்று நம்பினர்.

சிங்கப்பெருமாள் கோவில் நடைமேடை

இந்தச் சிறைக்குள்ளும் சிறகு விரித்தவர் ஒருவர் உண்டு. அவரே உஸ்தாத் அப்துல் கரீம் கான். டில்லிக்கு வடக்கே கைரானா என்னும் ஊரில் 1872இல் பிறந்தவர். அவ்வூரின் பெயராலேயே ‘கிரானா’ இசைமரபு வழங்குகிறது. மைசூர் அரண்மனையோடு தொடர்புகொண்டு, தென்னாட்டு இசையை ஆர்வத்தோடு பயின்றார். தியாகராசர் கீர்த்தனையையும் இசைத்தட்டில் பாடி வைத்தார். வடநாட்டு உஸ்தாத் ஒருவர் அந்நாளில் அவ்வாறு செய்தது அரிய செயலாகும்.

அவருடைய தட்டுகள் பெரும்பாலும் மூன்று நிமிடத் தட்டுகளே. எனினும் அந்த நேரத்திற்குள் ஒரு குரல் எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதற்கு அவர் பாடிய பைரவித் தும்ரி இன்றளவும் சான்றாக விளங்குகிறது. மெல்லிய, இழைபோன்ற குரல். அழுத்தமே இல்லாத அழுத்தம். குறுகிய இடத்தில் நிறைவைக் காணும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. ஆனால் அவையில் அவர் பாடிய நெடிய ஆலாபனை அந்தத் தட்டுகளில் இல்லை.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் புகைவண்டியில் சென்றுகொண்டிருந்தார். வழியில் நெஞ்சில் வலி கண்டது. செங்கற்பட்டுக்கு முன்னுள்ள சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்கினார். நடைமேடையில் விரிப்பு விரிக்கப்பட்டது. தொழுதார். பின் தர்பாரி இராகத்தில் இறைவனை நினைந்து பாடினார். பாடியவாறே உயிர் பிரிந்தது. உடல் மீரஜ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, தர்காவின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. இன்றும் அந்நிலையத்தைக் கடந்து நாள்தோறும் மின்தொடர்கள் ஓடுகின்றன. அவற்றில் செல்வோருள் இச்செய்தியை அறிந்தோர் எத்தனை பேர்?

அந்த நடைமேடையில் ஒலித்த தர்பாரியைப் பிடித்துவைக்கக் கருவி ஏதும் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் மூன்று நிமிடத்தையே அது பிடித்திருக்கும்.

தட்டுக்கு அகப்படாத பெருமகன்

அப்துல் கரீம் கானின் உறவினரும் அதே கைரானாவைச் சேர்ந்தவருமான உஸ்தாத் அப்துல் வஹீத் கானின் கதை இன்னும் நெஞ்சை உறுத்துவது. செவிப்புலன் குறைந்தவர் என்பதால் ‘பெஹரே’ வஹீத் கான் என்றே அவரை அழைத்தனர். செவி மங்கிய ஒருவரே சுரத்தின் நுட்பத்தில் ஈடிணையற்று விளங்கினார் என்பது இறைவனின் அருள் விளையாடும் விதம்.

மெதுநடைக் கயாலை இன்று நாம் அறியும் அளவுக்கு மெதுவாக்கி, ஒவ்வொரு சுரத்தையும் ஒழுங்கு மாறாமல் வளர்த்தெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர் அவர் என்று இசையறிஞர்கள் போற்றுகின்றனர். ஹீராபாய் பரோடேகரும் பண்டிட் பிராண்நாத்தும் கஸல் அரசியெனப் பின்னாளில் புகழ்பெற்ற பேகம் அக்தரும் அவரிடம் பயின்றோர். அத்தகையவர் இசைத்தட்டு நிறுவனங்களை நாடவேயில்லை. மணிக்கணக்கில் விரியும் இராகத்தை மூன்று நிமிடத்தில் முறித்துக் கொடுப்பதில் அவருக்கு என்ன இன்பம் இருந்திருக்க முடியும்? 1949இல் அவர் மறைந்தபோது, அந்த வாழ்நாள் உழைப்பிலிருந்து எஞ்சியவை வானொலியில் அவர் பாடிய ஒருசில பதிவுகளே. அவற்றுள் தர்பாரியும் முல்தானியும் பட்தீப்பும் உண்டு.

ஆக்ராவின் மரபில் வந்து பரோடா அரசவையை அணிசெய்த உஸ்தாத் பையாஸ் கானும் 1950இல் மறைந்தார். அவரும் தம் கம்பீரமான குரலைப் பெரும்பாலும் குறுந்தட்டுகளிலேயே விட்டுச் சென்றார்.

இந்த ஆண்டுகளை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்: 1937, 1949, 1950. ஏனெனில் இம்மூவருள் இருவர் உயிரோடிருந்த காலத்திலேயே, கடலுக்கு அப்பால் அந்தச் சிறையின் கதவு திறந்துவிட்டது. இந்நாட்டு இசைக்கு அது திறக்கச் சில ஆண்டுகள் சென்றன. அந்தச் சில ஆண்டுகளின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது.

கதவு திறந்த கதை

1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க் நகரில் கொலம்பியா நிறுவனம் புதியதொரு தட்டைச் செய்தியாளர் முன் வைத்தது. நிமிடத்திற்கு முப்பத்து மூன்றும் மூன்றிலொன்றும் சுழற்சி. பன்னிரண்டு அங்குல அகலம். அரக்கிற்கு மாற்றாக வினைல் என்னும் நெகிழ்பொருள். போர்க்காலத்தில் அரக்குக் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்கப் படைவீரர்களுக்கென வினைலில் தட்டுகள் வார்க்கப்பட்டிருந்தன. ஆகவே அப்பொருள் முற்றிலும் புதியதன்று. அதன் வழவழப்பான பரப்பில் நுண்ணிய வரிகளைச் செதுக்கியதே புதுமை. பழைய தட்டில் ஓர் அங்குல இடத்தில் நூறு வரி அளவே இருந்தது. புதிய தட்டில் இருநூறுக்கு மேல். சுழற்சி குறைந்தது, வரி நெருங்கியது. எனவே ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேல் இசை அடங்கிற்று. இதனையே ‘நெடுநேர இசைத்தட்டு’ என்றும் சுருக்கமாக ‘எல்.பி.’ என்றும் வழங்கலாயினர்.

மேலைநாட்டார் தம் நீண்ட சிம்பனி இசைக்காகவே இதனை உருவாக்கினர். ஆனால் அத்தட்டு யாருக்காகவோ காத்திருந்தது போலப் பொருந்தியது நம் இராக இசைக்குத்தான். 1955இல் மைஹர் உஸ்தாத் அலாவுதீன் கானின் மைந்தர் அலி அக்பர் கான் அமெரிக்கா சென்றார். வயலின் மேதை யெஹுதி மெனுஹின் முன்னுரை கூற, சதுர்லால் தபலா வாசிக்க, அவருடைய சரோத் இசை நெடுநேரத் தட்டில் பதிவாயிற்று. ஒரு பக்கத்திற்கு ஓர் இராகம். இந்நாட்டுச் செவ்வியல் இசைக்கு அமைந்த முதல் நெடுநேரத் தட்டு அதுவே என்பர். மூன்று நிமிடத்தில் முறிந்துகொண்டிருந்த இராகம், இருபது நிமிடம் மூச்சு விட்டது.

அமீர் கானின் மார்வா

இந்தூரில் சாரங்கி வாசித்த ஷாமீர் கானின் மகனாக 1912இல் பிறந்தவர் உஸ்தாத் அமீர் கான். ‘பைஜு பாவ்ரா’ (1952), ‘ஜனக் ஜனக் பாயல் பாஜே’ (1955) ஆகிய இந்திப் படங்களில் இவர் குரல் ஒலித்ததால் திரையரங்கு சென்றோரும் இவரை அறிவர். ஆயின் இவருடைய உண்மை உருவம் மெதுநடையில்தான் இருந்தது. அப்துல் வஹீத் கானின் பாட்டைக் கேட்டுக் கேட்டு அந்த நடையைத் தமதாக்கிக்கொண்டவர் இவர். தரானா என்னும் உருப்படியில் வரும் பொருளற்ற அசைகள் எனக் கருதப்பட்டவை பாரசீகச் சொற்களின் வழிவந்தவை என்று வாதிட்டு ஆராய்ந்தவரும் இவரே.

1960இல் இவருடைய முதல் நெடுநேர இசைத்தட்டு வெளிவந்தது. ஒரு பக்கம் மார்வா, மறுபக்கம் தர்பாரி. மார்வா கதிரவன் சாயும் வேளைக்குரியது. நம் தென்னாட்டு அம்சானந்தியின் சுரங்களே அதிலும் உண்டு. எனினும் ஆதார சட்சத்தில் அமராமல் அதனைச் சுற்றிச் சுற்றி ஏங்கும் இயல்பு அதற்கு உண்டு. வீடு திரும்பாத ஒருவரை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் மாலைப்பொழுதின் மனநிலை அது. தர்பாரியோ நள்ளிரவை நோக்கி நகரும் நேரத்திற்குரியது. கனமும் அமைதியும் கொண்டது.

அத்தட்டில் ஊசியை வைத்துக் கேட்போர் முதலில் வியப்பது, அவர் எதற்கும் விரையாமையே. தாளம் ஒரு சுற்று முடிய ஒரு நிமிடம் ஆகட்டும், அவருக்குக் கவலையில்லை. கீழ்த்தாயியில் ஒரு சுரத்தைப் பற்றினால் அதன் உள்ளே இருக்கும் ஒளி முழுவதும் வெளிப்படும் வரை விடுவதில்லை. மூன்று நிமிடத் தட்டில் மூன்று சுற்றோடு முடிந்திருக்கும் பாட்டு, இங்கே இருபது சுற்றுவரை வாழ்கிறது. வஹீத் கான் தட்டில் விட்டுச் செல்லாததை, அவர்வழி நின்ற அமீர் கான் விட்டுச் சென்றார். 1974இல் கல்கத்தாவில் சாலை விபத்தில் அவர் மாண்டபோது, குறைந்தபட்சம் அவருடைய மெதுநடை மண்ணோடு போகவில்லை.

பாட்டியாலா மரபின் உஸ்தாத் படே குலாம் அலி கான் (1902–1968), ஷெனாய் வேந்தர் உஸ்தாத் பிஸ்மில்லா கான் (1916–2006), சிதார் வல்லுநர் உஸ்தாத் விலாயத் கான் (1928–2004) ஆகியோருக்கும் நெடுநேரத் தட்டு வாய்த்தது. பிஸ்மில்லா கானும் விலாயத் கானும் சேர்ந்து வாசித்த தட்டு, காற்றும் நரம்பும் உரையாடுவது போன்றது. 1967இல் வெளியான ‘கால் ஆஃப் தி வேலி’ தட்டில் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா, பிரிஜ்பூஷண் காப்ரா மூவரும், காஷ்மீரத்து ஆயன் ஒருவனின் ஒருநாள் பொழுதைச் சந்தூரிலும் குழலிலும் கித்தாரிலும் வரிசையாக இசைத்தனர். இசையறிவு இல்லாதோரும் சிறுவரும்கூட அதனைக் கேட்டு அமைதியுறுவர்.

காலம், இடம், தோழர்

இசை கேட்பது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ‘ஸமாஉ’ எனப்படும் இசை கேட்டலைப் பற்றித் தனிப் பகுதியே வகுத்துள்ளார்கள். அதில் பக்தாதின் ஜுனைத் (ரஹ்) அவர்கள் கூறியதாக ஒரு கருத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். கேட்பதற்கு மூன்று வேண்டும். காலம், இடம், தோழர். அம்மூன்றும் பொருந்தாவிடில் கேளாதிருப்பதே நன்று.

இமாம் அவர்கள் தரும் விளக்கம் நுட்பமானது. உணவு முன்னால் இருக்கும்போதோ, தொழுகை வேளையிலோ, மனம் சச்சரவில் இருக்கும்போதோ கேட்பதில் பயனில்லை. ஆள் நடமாடும் வழியில் கேட்பதில் பயனில்லை. முகஞ்சுளிப்பவரும், பாசாங்குக்காரரும் உடனிருந்தால் பயனில்லை. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த மூன்று நிபந்தனைகளே, இன்று வீட்டில் இசைத்தட்டு வைத்துக் கேட்போர்க்கும் சிறந்த வழிகாட்டி.

முதலாவது காலம். இராகங்களுக்கு வேளை உண்டு. அதனை அறிந்து தட்டைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட சாயங்காலத்தில் முல்தானியும் மார்வாவும் பொருந்தும். இஷாவுக்குப் பின் வீடு அடங்கிய வேளையில் தர்பாரி. விடுமுறை நாளின் காலையில் பைரவி. ஒரு பக்கம் இருபது நிமிடம் என்பதால் பாங்கொலி கேட்கும் முன்னரே ஒரு பக்கத்தைக் கேட்டு முடிக்கலாம். இடையில் கேட்டால் ஊசியைத் தூக்கி வைக்க ஒரு கை போதும்.

கடையில் தட்டின் உறையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஆறு பாட்டுகள் அச்சிடப்பட்டிருந்தால் அது பழைய மூன்று நிமிடத்தின் மறுபிறவி. அதுவும் வேண்டியதே, ஆனால் அது வேறு மனநிலைக்குரியது. ஒரு பக்கத்தில் ஒன்றோ இரண்டோ உருப்படி மட்டும் இருந்தால் அதுவே நிதானக் கேட்புக்கு உரியது. நிமிடக் கணக்கு அச்சிட்டிருந்தால் அதையும் நோக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மிகுதியான நேரத்தை அடைத்தால் வரிகள் மேலும் நெருங்கும், ஒலியின் அளவைக் குறைத்தே செதுக்க வேண்டிவரும். தட்டின் உள்வட்டத்திற்குச் செல்லச் செல்ல நுண்ணொலிகளின் தெளிவும் சற்றுக் குறையும். இருபது நிமிடத்தை ஒட்டிய பக்கங்கள் நல்லவை. பழைய தட்டாயின் விளக்கின்கீழ் சாய்த்துக் கீறல் உண்டா என்று காண்க. தட்டையான பலகையில் வைத்து வளைவு உண்டா என்று காண்க.

இரண்டாவது இடம். வினைல் உடையாது, ஆனால் வெயிலில் வளையும். நம் ஊர் வெயிலுக்குச் சன்னலோரம் ஆகாது. தட்டுகளைப் புத்தகம்போல் நிறுத்தி வைக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாகாது. வரியின் போக்கிலேயே தூசி துடைக்க வேண்டும். சுழல்மேடை ஆடாத, மட்டமான பலகையில் அமர வேண்டும். ஒலியளவு அடுத்த வீட்டுக்குக் கேளாத அளவில் இருத்தலே அழகு.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கூற வேண்டும். நம் திருமண வீடுகளிலும் மீலாது மேடைகளிலும் ஒலிபெருக்கியில் முழங்கிய இசைமுரசு நாகூர் இ. எம். ஹனிபாவின் (1925–2015) பாடல்கள் தெருவைக் கூட்டும் பாடல்கள். சின்னஞ்சிறு தட்டில் அவை நிறைவாகப் பொருந்தின. அந்தக் குரல் ஊரை அழைக்கும் குரல். நாம் பேசிக்கொண்டிருப்பதோ கூடத்தில் தாழ்ந்து ஒலிக்கும் இசை. இரண்டிற்கும் வீட்டில் இடமுண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்கலாகாது.

இசையல்லாத ஒன்றையும் இங்கே குறிப்பிடுவது முறை. எகிப்தின் காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் (1917–1980) திருக்குர்ஆன் முழுவதையும் ஓதிய பதிவு 1961இல் இசைத்தட்டுகளாக வெளிவந்தது. முழு ஓதலும் பதிவாகி வெளிவந்தது அதுவே முதன்முறை. குர்ஆனைத் தர்தீலாக, அதாவது நிறுத்தி நிதானமாக ஓதவேண்டும் என்பது இறைக்கட்டளை. அந்த நிதானத்திற்கும் மூன்று நிமிடத் தட்டு இடமளித்திருக்காது. ஆனால் இத்தட்டுகளை இசைத்தட்டுகளோடு கலந்து வைப்பதும், பொழுதுபோக்காக ஓடவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதும் தகாது. அதற்குரிய மரியாதை வேறு.

மூன்றாவது தோழர். வீட்டில் கேட்கும்போது தோழர் என்போர் வீட்டாரே. பாட்டியார் கண்மூடி அமர்ந்து கேட்கவும், பிள்ளை தரையில் படுத்துக்கொண்டு கேட்கவும் இயலும் தட்டே குடும்பத் தட்டு. தென்னாட்டு இசை வேண்டுவோர்க்கு நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானா (1924–1999) உண்டு. ஆந்திரத்துக் கரவதி ஊரில் பிறந்து, தஞ்சை வழி வாசிப்பைப் பயின்று, திருவரங்கத்தில் குடியமர்ந்து வாழ்ந்தவர். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். நாதசுரம் திறந்த வெளிக்குரிய பெருங்கருவி. ஆனால் அவர் இராகத்தை விரிக்கும் நிதானத்தைத் தட்டின் வழியே தாழ்ந்த ஒலியில் கேட்கும்போது, வெளியில் கேட்கத் தவறிய குழைவுகள் புலனாகும்.

நம் கடமை

நெடுநேரத் தட்டின் காலமும் பின்னர் மாறிற்று. ஒலிநாடா வந்தது, குறுவட்டு வந்தது, கைப்பேசி வந்தது. இன்று ஓர் இராகத்தை மூன்று மணி நேரம் பதிந்தாலும் தடுப்பார் இல்லை. நேரத்தின் சிறை முற்றிலும் உடைந்துவிட்டது. ஆயினும் மக்கள் மீண்டும் வினைல் தட்டைத் தேடுகின்றனர். 2022இல் அமெரிக்காவில் குறுவட்டுகளைவிட வினைல் தட்டுகள் மிகுதியாக விற்றன. 1987க்குப் பிறகு இதுவே முதன்முறை. காரணம் எளிது. அன்று கருவிக்கு நேரம் போதவில்லை. இன்று கேட்போர்க்கு நேரம் போதவில்லை. விரல் நுனியில் ஆயிரம் பாட்டு இருக்கும்போது ஒன்றையும் முழுமையாகக் கேட்க மனம் இசைவதில்லை. தட்டோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. இருபது நிமிடம் இருக்கச் சொல்கிறது. பக்கம் முடிந்ததும் அமைதி தருகிறது. எழுந்து திருப்பிப் போட்டால்தான் அடுத்தது.

நல்ல தட்டைத் தேர்ந்தெடுப்பதென்பது நல்ல நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே. அலமாரி நிறைய வாங்க வேண்டியதில்லை. ஆறு தட்டு போதும், ஆறையும் அறிந்து கேட்டால்.

இன்னொன்றும் உண்டு. நம் மூத்தோர் கல்கத்தாவிலிருந்தும், இரங்கூனிலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும் பெட்டியில் கொண்டுவந்த பழந்தட்டுகள் பல வீடுகளின் பரண்களில் தூசியேறிக் கிடக்கக்கூடும். உடைந்த பொருளென்று எடைக்குப் போடுமுன் பெயர்ச்சீட்டைப் படித்துப் பாருங்கள். வஹீத் கானின் குரல் ஏறத்தாழ முழுவதும் காற்றோடு போயிற்று, பிடித்துவைக்கக் கருவி போதாமையால். பிடித்துவைத்த குரலும் நம் கவனக்குறைவால் போய்விட்டால் அந்தப் பழி கருவியைச் சாராது.